தொலைநோக்கி கண் மூடியிருந்த நேரம்

எனக்கு நல்ல செய்தி என்றாலே சந்தேகம் வரும். பாயசம் கொடுத்தாலும் கல் கிடக்கிறதா என்று துழாவிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பாள் என்று என் கணவர் சொந்தக்காரர்கள் முன்னால் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும். என் தொழில் அப்படி. வானத்தில் இல்லாத ஒன்றை இருக்கிறது என்று சொல்லிவிடாமல் இருப்பதுதான் அதில் பாதி வேலை. அதனால் அந்த வெள்ளிக்கிழமை மதியம் நல்ல செய்தி வந்தபோதும் எனக்கு முதலில் சந்தேகம்தான் வந்தது.

பொத்தேரிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கல்லூரியில் நான் இயற்பியல் சொல்லித்தருகிறேன். முதலாண்டுப் பையன்களுக்கு ஊசல் ஆட்டிக் காட்டுவது போக மிச்ச நேரத்தில் ஆராய்ச்சி. மூன்றாவது மாடியில் ஒரு அறை, மூன்று பேர். துறைத் தலைவரான சார், நான், பிறகு அவள்.

நாங்கள் தேடியது கரும்பொருளை. பிரபஞ்சத்தில் கண்ணுக்குத் தெரிகிற நட்சத்திரங்களையும் வாயுவையும்விடப் பல மடங்கு எடை, என்னவென்றே தெரியாத ஏதோ ஒன்றாக இருக்கிறது. அது ஒளியை விடாது, ஒளியை மறைக்கவும் செய்யாது. ஈர்ப்பு ஒன்றால்தான் அது இருப்பது தெரியும். அதன் துகள்கள் எப்போதாவது ஒன்றோடொன்று மோதி அழிந்தால் காமா கதிர் வெளிவரலாம் என்பது ஒரு கணிப்பு. அந்தக் கதிரைத் தேட நல்ல இடம், நம் பால்வீதியைச் சுற்றி வரும் குள்ள விண்மீன் மண்டலங்கள். எங்கள் பேச்சில் அவை குட்டிகள். குட்டிகளில் நட்சத்திரம் கொஞ்சம், வாயு கிட்டத்தட்ட இல்லை, காமா கதிரை உண்டாக்கக்கூடிய வேறு சரக்கும் இல்லை. ஆனால் கரும்பொருள் மட்டும் நிறைய. பூட்டிக் கிடக்கிற வீட்டிலிருந்து தாளிக்கிற வாசனை வந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அந்த வாசனைக்காகத்தான் மூன்று பேரும் மூக்கைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

இதற்காக நாங்கள் வானத்தை அண்ணாந்து பார்ப்பதுகூட இல்லை. தாம்பரம் பக்கத்து வானத்தில் பார்ப்பதற்கு விமானத்தைத் தவிர என்ன இருக்கிறது? பூமியைச் சுற்றிவரும் ஒரு தொலைநோக்கி பல வருடங்களாக வானம் முழுவதையும் பார்த்து, வந்து விழும் ஒவ்வொரு காமா கதிரையும் நேரத்தோடு பதிந்து அனுப்புகிறது. அந்தப் பதிவுகளை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். நாங்களும் இறக்கிக்கொண்டோம்.

இந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. மனிதன் ஆசைப்பட்டதைத்தான் அவன் கண் பார்க்கும். அதனால் ஆராய்கிறவர்களுக்குத் தெரியாமல், ஒருவர் பதிவுகளுக்குள் கொஞ்சம் பொய்க் கதிர்களைக் கலந்துவைப்பார். எந்தக் குட்டியில் கலந்தார் என்று சொல்லமாட்டார். நாங்கள் கணக்கிடும் முறையை முழுக்கத் தீர்மானித்து, இனி ஒரு எழுத்தையும் மாற்றுவதில்லை என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் முடிவைத் திறந்து பார்ப்போம். பொய் எங்கள் கண்ணில் பட்டால் முறை வேலை செய்கிறது என்று அர்த்தம். அதற்கப்புறம் கலந்தவர் வாயைத் திறப்பார், பொய்யை நீக்கிவிட்டு மிச்சத்தைப் பார்ப்போம். இதற்கு உப்புப் போடுவது என்று பெயர். எங்கள் அறையில் உப்புப் போடுகிறவர் சார். எந்தக் குட்டி என்பதை அவர்கூடத் தேர்ந்தெடுப்பதில்லை. அவர் முகத்தைப் பார்த்தே நாங்கள் கண்டுபிடித்துவிடுவோம் என்று, அதற்கென ஒரு புரோகிராம் எழுதி வைத்திருந்தார். அதுவே சீட்டுக் குலுக்கி ஒரு குட்டியைத் தேர்ந்தெடுத்து, பொய்க் கதிர்களைப் பதிவில் கலந்து, கடைசியில் எந்தக் குட்டி என்ற விடையை ஒரு கோப்பில் பூட்டி வைக்கும்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேற்குத் தாம்பரத்தில் குழாயும் குழாய்ச் சாமான்களும் விற்கிற ஒரு கடைக்காரரின் மூத்த மகள். முனைவர் பட்டம் வாங்கிவிட்டு சாரின் ஆராய்ச்சித் திட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைவிடச் சின்னவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் என் கணக்கில் ஒரு தப்பு இருந்தால் அக்காவாவது ஒன்றாவது. சார் சொன்னாலும் சரி, நான் சொன்னாலும் சரி, தானும் ஒருமுறை போட்டுப் பார்க்காமல் எதையும் ஏற்றுக்கொள்ளமாட்டாள். இதனால் நாங்கள் சண்டை போட்டதும் உண்டு. அவள் அந்த அறையில் இருந்ததால்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்பதும் உண்மை.

அவளுடைய திட்டம் அந்த மாதத்தோடு முடிந்துவிடும். திங்கட்கிழமை ஆய்வுக் குழு வருகிறது. திட்டத்தை நீட்டிப்பதா மூடுவதா என்று அவர்கள்தான் முடிவு செய்வார்கள். கையில் எதுவும் இல்லாவிட்டால் மூடிவிடுவார்கள் என்று சாரிடம் ஏற்கெனவே ஜாடையாகச் சொல்லியிருந்தார்கள். மூடினால் அவளுக்கு அங்கே இடம் இல்லை. இதற்கிடையில் மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலை அவளை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. எந்த இயந்திரம் எப்போது பழுதாகும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்லும் வேலை. நிரந்தர வேலை. ஞாயிற்றுக்கிழமைக்குள் வருகிறேன் அல்லது வரவில்லை என்று பதில் அனுப்ப வேண்டும். கடையில் வியாபாரம் படுத்துவிட்டிருந்தது, தம்பி இன்னும் படித்துக்கொண்டிருந்தான். அத்தா என்று அவள் கூப்பிடும் அப்பா வேலைக்குப் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குப் பெரிய பாரமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் முடிவைத் திறந்தோம். திரையில் குட்டிகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. பிறகு ஒரு குட்டி பளிச்சென்று உயர்ந்து நின்றது. சார் லேசாகச் சிரித்தார், அது உப்புதான் என்று மூவரும் எடுத்துக்கொண்டோம். எங்கள் முறை வேலை செய்கிறது என்று நான் மூச்சுவிட்டேன். திரை தொடர்ந்து நகர்ந்தது. கீழே இன்னொரு குட்டியும் உயர்ந்து நின்றது.

"சார், ரெண்டு போட்டீங்களா?" என்றேன்.

சார் கண்ணாடியைக் கழற்றினார். "ஒண்ணுதாம்மா போட்டேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார்."

அவர் பூட்டி வைத்த கோப்பைத் திறந்து எங்களிடமே காட்டினார். ஒரே ஒரு பெயர். மேலே இருந்த குட்டி அவருடையது. கீழே இருந்தது யாருடையதும் இல்லை.

கீழே ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு பேருந்து விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவள் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்தது அவளுக்கே தெரியவில்லை. சார் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, "யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. வீட்லகூட," என்றார். உலகத்தில் எத்தனையோ பெரிய பெரிய கூட்டங்கள் தேடிக் கிடைக்காதது, எங்கள் ஒட்டடை படிந்த அறையில் வந்து உட்கார்ந்திருக்கிறதா என்று அவர் நினைத்திருப்பார். நானும் நினைத்தேன். நினைக்காமல் இருக்க நான் என்ன கல்லா?

மாலை ரயிலில் இருவரும் சேர்ந்து தாம்பரம் திரும்பினோம். கல்லூரிப் பிள்ளைகளின் இரைச்சலுக்கு நடுவே அவள் என் காதருகே குனிந்து பேசினாள்.

"அக்கா, இது நிஜமா இருந்தா நான் அந்த வேலைக்குப் போகமாட்டேன்."

"இருந்தா."

"ஒரு தடவையாவது நல்ல வார்த்தை சொல்லுங்களேன்!"

"பதறாத காரியம் சிதறாது. இதுவும் நல்ல வார்த்தைதான்."

சிரித்தாள். வண்டலூர் தாண்டிய பிறகு, சிரிப்பு அடங்கி, "அங்க போனாலும் நான் நல்லாத்தான் வேலை செய்வேன்க்கா. அதுதான் பயமா இருக்கு. நல்லா செஞ்சா பிடிச்சுப் போயிடும், அங்கயே இருந்துடுவேன்," என்றாள். அவள் போய்விடுவாளோ என்ற பயம் அவளைவிட எனக்கு அதிகமாக இருந்தது. அதையாவது அவளிடம் சொல்லியிருக்கலாம்.

சனிக்கிழமை முழுவதும் அந்த இரண்டாவது குட்டியைக் கொல்லப் பார்த்தேன். எங்கள் வேலையில் அப்படித்தான். கிடைத்ததைக் கொல்லக்கூடிய எல்லா வழியையும் முயன்று பார்த்து, அதற்கப்புறமும் உயிரோடு இருந்தால்தான் வெளியே சொல்ல வேண்டும். குட்டிக்குப் பின்னால் வெகு தூரத்தில் வேறு ஏதாவது பிரகாசமான பொருள் ஒளிந்திருக்கிறதா? அப்படி இருந்தால் அது திடீர் திடீரென்று கொழுந்துவிட்டு எரியும், கதிர்கள் கூட்டம் கூட்டமாக வந்திருக்கும். இவையோ வருடக்கணக்கில் சீராக வந்திருந்தன. கரும்பொருளிலிருந்து வந்தால் எப்படி வர வேண்டுமோ அப்படியே. பக்கத்தில் இருக்கும் வேறு ஒளி வழிந்து வந்திருக்கிறதா? இல்லை. கருவியின் கோளாறா? அதே திசையில் மற்ற இடங்கள் சுத்தமாக இருந்தன. அவளும் அவள் வீட்டிலிருந்து தனியாக இதையெல்லாம் செய்துகொண்டிருந்தாள். இருவருக்கும் ஒரே பதில்தான் வந்தது. சார் நடுவில் நடுவில் போன் செய்து, "இன்னும் இருக்கா?" என்று கேட்டார். காய்ச்சல்காரக் குழந்தையை விசாரிப்பதுபோல இருந்தது.

ராத்திரி அவளிடமிருந்து செய்தி வந்தது. நாளைக்கு வரவில்லை என்று எழுதி அனுப்பப் போகிறாளாம். "சாயங்காலம் வரைக்கும் பொறு," என்று பதில் போட்டேன். ஏன் என்று கேட்டாள். காரணம் ஒன்றும் கையில் இல்லை. சந்தேகப்பட எதுவும் மிச்சம் இல்லாதபோதுதான் எனக்குக் கூடுதலாகப் பயம் வரும் என்று எப்படி எழுதுவது?

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. செம்பாக்கத்தில் ஏரியை ஒட்டி வீடு வாங்கியவர்களுக்கு மழை என்றால் வேடிக்கை இல்லை. என் கணவர் காலையிலிருந்து பால்கனியில் நின்று தெருத் தண்ணீர் எந்த வீட்டுப் படி வரை வந்திருக்கிறது என்று பார்ப்பதும் எனக்கு வந்து சொல்வதுமாக இருந்தார். பதினொரு மணி சுமாருக்குக் கரண்ட் போனது. மடிக்கணினியில் சார்ஜ் இருந்தது. குழுவிடம் காட்டுவதற்கு ஒரு படம் போட உட்கார்ந்தேன். இரண்டாவது குட்டியின் கதிர்கள் எவ்வளவு சீராக வந்திருக்கின்றன என்று காட்டும் படம். ஒப்பிட்டுப் பார்க்க, சார் போட்ட உப்பையும் மேலே ஒரு வரிசையாக வைத்தேன். படம் முறையாக இருக்கட்டும் என்று, தொலைநோக்கி அணைந்திருந்த நேரங்களையெல்லாம் சாம்பல் நிறத்தில் பட்டை பட்டையாகத் தீட்டினேன்.

அந்தத் தொலைநோக்கி எந்நேரமும் பார்த்துக்கொண்டே இருப்பதில்லை. தென் அட்லாண்டிக் கடலுக்கு மேலே போகும்போது அங்கே மின்னேற்றம் கொண்ட துகள்கள் மொய்த்துக் கிடக்கும். கருவி கெட்டுவிடக் கூடாது என்று அந்தப் பகுதியைக் கடக்கும் வரை அதன் கண்ணை மூடிவைப்பார்கள். ஒரு நாளில் பல தடவை மூடும், திறக்கும். மூடியிருக்கும்போது எந்தக் கதிரும் பதிவாக வழியே இல்லை.

சாருடைய உப்பில் சில கதிர்கள் சாம்பல் பட்டைக்குள் விழுந்திருந்தன. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாரின் புரோகிராம் வருடம் முழுவதும் சீராகக் கதிரைத் தூவியிருக்கிறது, தொலைநோக்கி தூங்கும் என்பதை மறந்துவிட்டது. வழக்கமாக இப்படிப்பட்ட கதிர்களை முதல் வடிகட்டலிலேயே தள்ளிவிடுவோம். சார் உப்பைக் கலந்ததோ வடிகட்டிய பிறகு. "லீவு நாள்ல வந்து கையெழுத்துப் போட்ட ஆள் மாதிரி மாட்டியிருக்கார்," என்று கணவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த எண்ணம் வந்துவிட்டது. எனக்குப் பார்க்க மனம் இல்லை. அடுப்படிக்குப் போய் அணைத்திருந்த அடுப்பை மறுபடி அணைத்துவிட்டு வந்தேன். பிறகு உட்கார்ந்து, கீழ் வரிசையைப் பெரிதாக்கினேன். முதல் கதிர் வெள்ளையில் இருந்தது. இரண்டாவதும் வெள்ளை. மூன்றாவது சாம்பலில் விழுந்திருந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. கண்ணை மூடியிருந்த தொலைநோக்கி அவற்றைப் பார்த்திருந்தது.

உலகத்தில் இப்படி ஒரு தப்பைச் செய்யக்கூடிய புரோகிராம் ஒன்றுதான் இருந்தது. அது எப்படி இரண்டு குட்டிகளில் கலந்தது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் இரண்டாவதும் உப்புதான். எதையும் நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. திங்கட்கிழமை குழு திட்டத்தை மூடும். அவள் அந்த வேலையையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நடுத்தெருவில்தான் நிற்பாள்.

போனை எடுத்தேன். டவர் இல்லை. கணவர் போனிலும் இல்லை. ஜன்னல் பக்கம், பால்கனி, மொட்டை மாடிப் படி, எங்கே போனாலும் ஒரு கோடுகூட வரவில்லை.

"சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்குன்னு சொன்னியே? மழை விடட்டும்," என்றார் கணவர்.

"அவ சாயங்காலம் வரைக்கும் காத்திருக்க மாட்டா."

"ஆழம் தெரியாம காலை விடாதே. ரோடெல்லாம் தண்ணி."

"காலை விடல. ஸ்கூட்டரைத்தான் விடறேன்," என்று கத்திவிட்டு, மடிக்கணினியைப் பாலிதீன் பையில் இரண்டு சுற்று சுற்றிக் கிளம்பினேன். அவர் மேல் கோபம் இல்லை. யார் மேல் என்று தெரியாத கோபம் அப்படித்தான் பக்கத்தில் நிற்பவர் மேல் போய் விழும்.

ராஜகீழ்ப்பாக்கம் வரை ஒன்றும் தெரியவில்லை. கேம்ப் ரோடு சந்திப்பில் தண்ணீர் ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடம் வரை வந்துவிட்டது. ஒரு ஷேர் ஆட்டோ நடுச்சாலையில் நின்றுபோயிருந்தது. ஓட்டுநர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதன் பக்கத்தில் நின்றார். நான் இடதுபுறம் ஒதுங்கப் போனதும், "யக்கா! அந்தாண்ட போவாத, பள்ளம் கீது!" என்று கத்தினார். வண்டியைத் திருப்பினேன். நன்றிகூடச் சொல்லவில்லை. கிழக்குத் தாம்பரத்தில் சுரங்கப்பாதையை மூடிவிட்டார்கள். மேம்பாலத்தில் ஏறினால் வண்டிகள் இஞ்ச் இஞ்சாக நகர்ந்தன. மழைக்கோட்டுக்குள் வியர்த்தது. எழுதியிருப்பாளோ, அனுப்பியிருப்பாளோ, டவர் இருந்திருக்குமோ என்று மனசு அதையே போட்டு அரைத்தது. பாலத்தின் மேலேயும் போனை எடுத்துப் பார்த்தேன். இல்லை. எனக்கு டவர் இல்லை என்றால் அவளுக்கும் இல்லாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அவள் அத்தா உள்ளே பிளாஸ்டிக் குழாய்களைத் தரையிலிருந்து எடுத்து உயரத்தில் அடுக்கிக்கொண்டிருந்தார். "இன்னாம்மா இந்த மழைல? நனைஞ்சு போய் வந்துகீற? மேலதான் கீது, போ," என்றார். சார் வேண்டாம் என்றும் அவள் வீட்டில் சொல்லியிருப்பாள் போல, நான் நல்ல செய்தி கொண்டுவந்திருப்பேன் என்று நினைத்திருக்கலாம். முகம் மலர்ந்திருந்தது. நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் படியேறினேன்.

அவள் ஜன்னலோரம் நின்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா! இப்பதான் அனுப்பினேன்."

"போயிடுச்சா?"

"எங்க? டவர் இல்ல. அனுப்ப காத்துக்கிட்டு இருக்குன்னே காட்டுது."

எனக்கு உயிர் திரும்பி வந்தது. "முதல்ல அதை நிறுத்து. அழிச்சிடு."

"ஏன்?"

"அது உப்பு."

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "சார் ஒண்ணுதான் போட்டேன்னாரே."

"சொன்னார். ஆனா கண் மூடியிருந்த நேரத்துல கதிர் வந்திருக்கு. சார் போட்டதிலயும் அப்படித்தான், இதுலயும் அப்படித்தான்."

"காட்டுங்க."

"மெயிலை நிறுத்திட்டுப் பாரு."

"பாக்காம எப்படிக்கா நிறுத்தறது? நீங்க சொன்னா போதுமா?"

போனை ஜன்னல் மேடையில் கவிழ்த்து வைத்துவிட்டு மடிக்கணினியின் ஈரப் பையை அவளே பிரித்தாள். நான் அந்தப் போனை எடுக்கவில்லை. இரண்டு நிமிடத்தில் நம்பிவிடுவாள், பிறகு நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

இரண்டு நிமிடத்தில் அவள் எதை நம்பியிருக்கிறாள்? என் படத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, தன் கணினியில் தன் வழியில் முதலிலிருந்து தொடங்கினாள். "உங்க நேரத்தை மாத்தினதுல தப்பு இருக்கலாம். தொலைநோக்கியோட கடிகாரமும் நம்ம கடிகாரமும் ஒண்ணு இல்லல்ல? சில வினாடி தள்ளிப் போயிருந்தா வெள்ளையில இருந்தது சாம்பல்ல விழும்," என்றாள். நியாயமான கேள்வி. எனக்கே தோன்றாத கேள்வி. கோபமும் வந்தது, பெருமையாகவும் இருந்தது.

"அப்ப நிஜக் கதிரை வெச்சுப் பாப்போம்," என்றேன். வானத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பிரகாசமான இடத்தின் கதிர்களை எடுத்து, அதே சாம்பல் பட்டைகளின் மேல் வைத்தோம். நேரத்தில் தப்பு இருந்தால் அவற்றிலும் சில உள்ளே விழ வேண்டும். ஆயிரக்கணக்கான கதிர்கள். ஒன்றுகூட விழவில்லை. பட்டைகளுக்கு உள்ளே சுத்தமாக, வெளியே நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. "சரிதான்," என்று அவள் மெதுவாகச் சொன்னாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த நிமிடம் நான் சந்தோஷமாக இருந்தேன். இருவரும் தோளோடு தோள் ஒட்டி ஒரு திரையைப் பார்த்துக்கொண்டு, கேட்ட கேள்விக்குச் சுத்தமான பதில் வந்து நிற்கும்போது வருகிற சந்தோஷம். வேறு எந்த வேலையிலும் எனக்கு அது கிடைத்ததில்லை. எதற்காக மழையில் ஓடி வந்தேன் என்பதே மறந்துபோனது.

"இப்ப குட்டியோட கதிரை ஒவ்வொண்ணா படிங்க," என்றாள்.

நான் நேரத்தைப் படித்தேன். அவள் தன் கணினியில் தேடிப் பார்த்து, "திறந்து" என்றாள். அடுத்ததைப் படித்தேன். "மூடி." அடுத்தது. "திறந்து." அடுத்தது. "மூடி." ஒவ்வொரு மூடிக்கும் அவள் குரல் கொஞ்சம் தேய்ந்தது. ஆனால் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டாவது மூடியிலேயே போதும், பத்தாவது வரை போக வேண்டிய அவசியமே இல்லை. எங்களைப் போன்றவர்களுக்கு அது புரியாது.

பக்கத்து அறையில் ஏதோ ஒரு போன் சிணுங்கியது. என் பைக்குள் என் போன் கிணுகிணு என்று தொடர்ந்து அதிர்ந்தது. "அடுத்தது," என்றாள் அவள். படித்தேன். அவள் தேட ஆரம்பித்து, கையை விசைப்பலகையில் வைத்தபடியே நின்றுவிட்டாள். ஜன்னல் மேடையில் கவிழ்ந்திருந்த அவள் போனிலிருந்து, ஏதோ காற்றில் விர்ரென்று போவதுபோல ஒரு சத்தம் வந்தது.

இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தோம். அவள் போனைத் திருப்பினாள். டவர் முழுசாக வந்திருந்தது. மெயில் போய்விட்டிருந்தது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். இங்கே திரண்ட வெண்ணெயும் பொய். உடைந்த தாழி மட்டும்தான் நிஜம்.

"உடனே இன்னொண்ணு எழுது. தவறா போயிடுச்சு, வர்றேன்னு எழுது," என்று பதறினேன். அவள் எழுதினாள். நின்றுகொண்டே எழுதினாள், ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் எழுதினாள். போனும் செய்து பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை, யாரும் எடுக்கவில்லை. அந்த இடத்துக்கு அடுத்த ஆளிடம் பேசிவிட்டோம், மன்னிக்கவும் என்று பதில் வந்தது மறுநாள் காலையில்தான். ஆனால் அன்றைக்கே எங்கள் இருவருக்கும் அது தெரிந்திருந்தது.

என் போன் மறுபடி அடித்தது. சார். "காலையிலேர்ந்து ட்ரை பண்றேன், லைனே கிடைக்கல. படம் ரெடியாம்மா?" என்றார் உற்சாகமாக. சொன்னேன். எந்தெந்தக் கதிர் என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு, "அன்னைக்குக் கரண்ட் போச்சு," என்றார்.

"எப்ப சார்?"

"உப்புப் போட்ட அன்னைக்கு. ஓடிக்கிட்டிருக்கும்போதே கரண்ட் போயிடுச்சு. மறுநாள் வந்து பாத்தேன், விடைக் கோப்பு காலியா இருந்துது. சரி, ஓடவே இல்லைன்னு நினைச்சு இன்னொரு தடவை ஓட்டினேன்."

விடையை எழுதுவது புரோகிராமின் கடைசி வேலை. அதற்கு முன்பே அது ஒரு குட்டியைத் தேர்ந்தெடுத்துக் கதிரைக் கலந்து முடித்திருந்தது. மறுநாள் சீட்டுக் குலுக்கியபோது வேறு குட்டி வந்தது. விடைக் கோப்பில் அது மட்டும்தான் இருந்தது. மாமியாரும் மருமகளும் ஒரே குழம்புக்கு உப்புப் போட்ட கதை கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே ஒரே ஆள் இரண்டு தடவை போட்டிருந்தார். "அவ அங்க இருக்காளாம்மா?" என்று கேட்டார். இருக்கிறாள் என்றேன். பேசுகிறேன் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டார். அவரைத் திட்ட வேண்டும் என்று பாலத்தின் மேல் நினைத்திருந்ததெல்லாம் எனக்கு மறந்துபோனது.

படியில் காலடி கேட்டது. அவள் அத்தா ஒரு தட்டில் டீயோடு வந்தார். எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா, ரெண்டு பேரும் மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு கீறீங்க?"

"அது பொய் அத்தா," என்றாள் அவள். "வானத்துல ஒண்ணும் இல்ல. எங்க கணக்குல விழுந்த தப்பு."

அவர் தட்டைக் கீழே வைத்தார். "சரி வுடு. அதான் மறைமலை நகர்ல கூப்டுகிறாங்கல்ல? வரேன்னு சொல்லிடு. நல்ல ஆளுங்களாத்தான் தெரியறாங்க." ஆறுதலாகத்தான் சொன்னார். அதைச் சொல்ல அவர் எத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார் என்பது அந்தக் குரலில் தெரிந்தது.

எனக்குத் தரையைப் பார்க்க வேண்டியிருந்தது.

"வரலன்னு மெயில் போயிடுச்சு அத்தா. இப்பதான்."

"இப்பன்னா?"

"நாங்க இதை சரி பாத்துக்கிட்டு இருந்தப்ப."

அவர் இரண்டு கணினிகளையும் பார்த்தார். திரையில் வெள்ளையும் சாம்பலுமாகக் கோடுகள். அவருக்கு அதில் என்ன தெரிந்ததோ. கையிலிருந்த ஈரத்தைக் கைலியில் துடைத்துக்கொண்டார்.

"பாத்து முடிச்சாச்சா?"

"இல்ல. இன்னும் மூணு இருக்கு."

"அப்ப முடிச்சுடும்மா," என்றார். "பாதில வுடாத." டீ ஆறிவிடும் என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

அவள் மறுபடி உட்கார்ந்தாள். "படிங்கக்கா," என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். மூடி, என்றாள். அடுத்ததைப் படித்தேன். திறந்து, என்றாள். கடைசி ஒன்றைப் படித்தேன். அதைத் தேடி, இரண்டு தடவை பார்த்து, மூடி என்று சொல்லி, கோப்பைச் சேமித்து முடித்த பிறகுதான் அவள் அழுதாள்.